தண்ணீர் பார்க்கப் போனோம்

நியூசிலாந்தில் நர்ஸாக இருக்கும் எங்கள் மகளுக்குப் பிரசவ காலத்தில் துணையாக இருக்கப் போன இடத்தில்தான் நான் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டேன். வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. குழந்தை தூங்கும் நேரம் பார்த்து மருமகன் என்னையும் என் கணவரையும் மலையடிவாரத்துக்கு அழைத்துப்போவார். சைக்கிளுக்கென்றே போட்ட பாதை. வழியில் ஊற்றுகள். ஒவ்வொரு ஊற்றுக்கும் பக்கத்தில் ஒரு பெயர்ப்பலகை, ஒரு பெஞ்சு. வருகிறவர்கள் பாட்டிலை நிரப்பிக்கொண்டு, ஒரு ஹலோ சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். நீங்கள் யார், எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. என் கணவர் ஜெயசீலனுக்குப் பைத்தியம் பிடிக்கும்போல் இருந்தது.

ஒருநாள் அப்படி ஒரு ஊற்றில் கை நனைத்துக்கொண்டே மருமகனிடம், "இது மாதிரி எங்க பக்கத்துல எத்தினி கீது தெரியுமா மாப்ள?" என்றார். மருமகன் மரியாதைக்குத் தலையாட்டினார். நான் சிரித்துவிட்டேன். எங்கள் பக்கம் என்றால் கோலார் ஜில்லா. ஆயிரம் அடி துளைத்தாலும் புழுதிதான் பறக்கும்.

"சிரிக்கிறியா ரோசி? ஊருக்குப் போனதும் காட்டறேன் பாரு."

சொன்னதைச் செய்கிறவர். தங்கவயலுக்குத் திரும்பிய சில மாதங்களில், ராபர்ட்சன்பேட்டையில் யாரோ ஓட்டிச் சலித்த இரண்டு கியர் சைக்கிள்களை வாங்கி வந்து ஆண்டர்சன்பேட்டை வீட்டு வாசலில் நிறுத்தினார். மழைக்காலம் முடிந்து சுனைகளில் நீர் நிற்கும் டிசம்பர் மாதம். பேத்தமங்களா, பங்காரு திருப்பதி, ஆவணி மலை, முல்பாகல், கோலார் என்று ஒரு சுற்று. முப்பது வருஷம் வேலைக்குப் போய்வந்த பெங்களூர் ரயிலின் ஜன்னல் வழியாகவே மலைகளைப் பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். மறுக்கத் தோன்றவில்லை.

முதல் சிக்கல் எங்கள் தெருவிலேயே காத்திருந்தது. நியூசிலாந்தில் வெட்கம் இல்லாமல் ஓட்டியவளுக்கு ஆண்டர்சன்பேட்டை கடைத்தெருவைத் தாண்ட முடியவில்லை. பனி விலகாத காலையிலும் பூக்காரம்மா கண்டுபிடித்துவிட்டாள். "இன்னாக்கா இது? இந்த வயசுல இன்னா வேஷம்?" நான் இறங்கிக்கொண்டு கடைசிக் கடை வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனேன். அவர் முன்னால் போய், திரும்பிப் பார்த்து, தலையில் அடித்துக்கொண்டார்.

பேத்தமங்களா ஏரிக்கரையில் காலை எட்டரை மணிக்கே மீன் வறுக்கிறார்கள். இட்லி சாப்பிட வேண்டிய நேரத்தில் மிளகாய் தடவிய ஏரி மீனைச் சாப்பிட்டோம். பாலாற்றை மறித்துக் கட்டிய ஏரி அது. நானும் என் பெற்றோரும் குடித்து வளர்ந்த தண்ணீர். பனிக்குள் அதன் மறுகரை தெரியவில்லை. கடைக்காரர் எங்கள் ஹெல்மெட்டைப் பார்த்து, ஏதாவது வேண்டுதலா என்று கன்னடத்தில் விசாரித்தார். இல்லை, நாங்கள் கிறிஸ்தவர்கள் என்றார் என் கணவர். அப்படியானால் பஸ் வரவில்லையா என்று கேட்டார் கடைக்காரர்.

அடுத்த ஊரிலும் இதே கேள்விகள். அதற்கடுத்த ஊரிலும். வேண்டுதலும் இல்லாமல், பஸ்ஸும் தவறாமல், இரண்டு வயதானவர்கள் எதற்காக மிதித்துக்கொண்டு போவார்கள்? பதில் சொல்லி அலுத்த என் கணவர் சுருக்கமாக ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டார். கேட்டவர்களிடமெல்லாம் கன்னடத்தில், "தண்ணீர் பார்க்கப் போகிறோம்" என்றார்.

அதற்குப் பிறகு மரியாதை கூடிவிட்டது. பங்காரு திருப்பதியின் சிறிய குன்றைத் தாண்டி ஒரு டீக்கடையில், இந்தப் பதிலைக் கேட்டதும் உட்கார்ந்திருந்தவர் எழுந்து நாற்காலி கொடுத்தார். கடைக்காரர் பிஸ்கட்டை ஒரு தட்டில் வைத்து நீட்டினார். "பாத்தியா, நம்ம ஜனங்களுக்கு இயற்கை மேல எவ்ளோ மதிப்பு!" என்று என் கணவர் நெகிழ்ந்துபோனார். எனக்கும் கண் கலங்கியது என்றே சொல்ல வேண்டும்.

ஆவணி மலை எதிரே தெரிய ஆரம்பித்த பிறகு சாலை ஏறத் தொடங்கியது. சுரங்கத்தின் ஆழத்தை லெவல் லெவலாக எண்ணும் தொழிலாளியின் மகன் என்பதால் என் கணவருக்கு ஏற்றமும் இறக்கமும் லெவல் கணக்குதான். "ரெண்டாவது லெவல் வந்துட்டோம், இன்னும் ஒண்ணுதான்" என்று சொல்லிக்கொண்டே மிதித்தார். மூன்றாவது லெவலில் என் முன்சக்கரம் படுத்துவிட்டது. கருவேல முள். ஒட்டுப்போடும் பசை டியூபிலேயே காய்ந்து கட்டியாகியிருந்தது. வெயில் இறங்கிவிட்டது. இரு பக்கமும் தக்காளித் தோட்டங்கள், ஆள் நடமாட்டம் இல்லை.

ஒரு தோட்டத்திலிருந்து பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். பெயர் முனியப்பா. ஆண்டர்சன்பேட்டைக்குத் தக்காளி கொண்டுவருகிறவர் என்பதால் தமிழ் நன்றாகவே பேசினார். நாங்கள் யார் என்று சொல்லவே விடவில்லை.

"டீக்கடையில சொன்னாங்க சார். நீங்க வந்ததே போதும். இன்னைக்கு நம்ம வீட்டுல தங்கி, காலையில ஒரு பாயிண்ட் பாத்துக் குடுத்துட்டுப் போங்க."

"இன்னா பாயிண்ட்?" என்றார் என் கணவர்.

"போர் பாயிண்ட்தான் சார்."

அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. போர்வெல் போடுவதற்கு முன் நிலத்தில் எங்கே தண்ணீர் இருக்கிறது என்று தேங்காயையோ வேப்பங்குச்சியையோ கையில் வைத்துக்கொண்டு நடந்து சொல்கிறவர்கள் இந்தப் பக்கம் உண்டு. அந்த ஆளைத்தான் தண்ணீர் பார்க்கிறவர் என்பார்கள். நாலைந்து ஊர்களில் என் கணவர் தன்னை அப்படித்தான் அறிமுகம் செய்துகொண்டு வந்திருக்கிறார்.

"ஐயோ, நான் அது இல்லைப்பா. மலையில ஊத்து பாக்கப் போறோம், சும்மா" என்று பதறினார். முனியப்பா சிரித்தார். "பெரியவங்க அப்படித்தான் சொல்வாங்க சார்." பெட்டியை வரப்பில் இறக்கிவிட்டு, என் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். எங்களுக்கும் வேறு போக்கிடம் இல்லை.

முனியப்பாவின் மனைவி நாகரத்தினம்மா களி கிண்டி, பிதுக்குப் பருப்புக் குழம்பு வைத்தார். அவரைக்கொட்டையை ஊறவைத்துத் தோலைப் பிதுக்கி எடுத்துச் செய்வது. மார்கழிக் குளிருக்கு அதைவிட நல்ல சாப்பாடு கிடையாது. நியூசிலாந்தில் மூன்று மாதம் ரொட்டி தின்ற நாக்கு அன்றைக்குத்தான் முழுதாக ஊர் திரும்பியது. உதவி செய்கிறேன் என்று அடுப்பங்கரைக்குள் போனேன். நாகரத்தினம்மா கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, தெலுங்கில், தாழ்ந்த குரலில் பேச ஆரம்பித்தார்.

"அக்கா, உங்க வீட்டுக்காரர் தண்ணி பாக்கறவர் இல்லைன்னு எனக்குத் தெரியும். பொண்டாட்டியைக் கூட்டிக்கிட்டு யாரும் அந்த வேலைக்கு வரமாட்டாங்க."

நான் நிம்மதியாக ஆமாம் என்றேன்.

"ஆனாலும் அவர் பாக்கணும். பாத்துட்டு, இல்லைன்னு சொல்லணும்."

ஏற்கெனவே இரண்டு போர் போட்டு இரண்டிலும் வெறும் கல்மாவுதான் வந்ததாம். கழுத்தைக் காட்டினார், மஞ்சள் கயிறு மட்டும் கிடந்தது. இப்போது மூன்றாவதற்கு முனியப்பா போர் போடும் லாரிக்காரரிடம் பேசிவிட்டார். கையில் இருப்பது மகளுக்கு வைத்திருக்கும் காலேஜ் பணம். மகள் கோலாரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள், அடுத்த வருஷம் நர்சிங் சேர வேண்டும். "நான் சொன்னா சண்டையாயிடுது. தண்ணி பாக்கறவர் சொன்னா கேட்டுக்குவாரு. ஒரு வார்த்தைதானே அக்கா."

ஒரு வார்த்தைதான். ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வேதபாடம் வாசிக்கிற ஜெயசீலன்.

மறுநாள் காலை தொட்டியடியில் பல் துலக்கும்போது சொன்னேன். பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"பொய் சொல்லச் சொல்றியா?"

"ஒரு பொண்ணு படிப்புங்க."

"அது சரி. நாளைக்கு அந்த நிலத்துல தண்ணி இருந்துதுன்னா?"

"இல்லாம போனா? ரெண்டு தடவ போயிட்டுதே."

"எனக்குத் தெரியாத விஷயத்துல நான் எப்படி வாயைத் திறக்கறது ரோசி?"

"நேத்து ஊர் ஊரா வாயைத் திறந்துகினு வந்தது யாரு?" என்றேன். கொஞ்சம் கடுமையாகத்தான் வந்துவிட்டது. அவர் வாய் கொப்பளித்துவிட்டுப் போய்விட்டார்.

முனியப்பா மட்டைத் தேங்காயை உரித்துத் தயாராக வைத்திருந்தார். தண்ணீர் இருக்கும் இடத்தில் உள்ளங்கையில் படுத்திருக்கும் தேங்காய் எழுந்து நிற்கும் என்பது கணக்கு. என் கணவர் அதை வாங்கிக் கையில் கிடத்தினார். ஷூவைக் கழற்றினார். அது அவருக்கு எப்படித் தோன்றியதோ தெரியவில்லை. பனியில் நனைந்த மண்ணில் வரப்பை ஒட்டி மெதுவாக நடக்க ஆரம்பித்தார். நானும் நாகரத்தினம்மாவும் பின்னால். முனியப்பா பக்கத்திலேயே, மூச்சு விடுகிற சத்தம் கேட்காமல்.

தேங்காய் படுத்தே கிடந்தது. வடக்கு மூலை, பழைய போர்க்குழிகளின் பக்கம், புளியமரத்தடி, எங்கும் அப்படியே. கிழக்கு மூலைக்கு வந்தபோது அது லேசாக ஆடியது. நான் பார்த்தேன். அவரும் பார்த்தார். சட்டென்று விரல்களை மடக்கித் தேங்காயை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"இங்க இல்லைப்பா" என்றார். "எங்கயும் இல்லை. போடாத."

முனியப்பா அந்த மூலையைப் பார்த்தார். "சரிங்க சார்" என்றார். நாகரத்தினம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு திரும்பி நின்றார்.

அங்கேயே முடிந்திருந்தால் பரவாயில்லை. கைராசி உள்ள, ஆனால் கூலி வாங்காத ஒருவர் வந்திருக்கிறார் என்று செய்தி பரவி, பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் இருவர் ஆளுக்கொரு தேங்காயோடு வரப்பில் வந்துகொண்டிருந்தார்கள். முனியப்பா ஒட்டிக் கொடுத்திருந்த சக்கரத்தில் காற்று இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் நாங்கள் கிளம்பினோம். என் கணவர் அவ்வளவு வேகமாக மிதித்து நான் பார்த்ததே இல்லை.

ஆவணி மலையில் சைக்கிள் ஏறாது. அடிவாரத்துக் கோயிலில் விட்டுவிட்டு நடந்தோம். வழியில் பாறை இடுக்கில் ஒரு சுனை. தனுஷ்கோடி என்று பெயர், லட்சுமணன் அம்பு விட்டு வரவழைத்த தண்ணீர் என்றார்கள். பெயர்ப்பலகையும் இல்லை, பெஞ்சும் இல்லை. ஒரு பெண் பித்தளைச் சொம்பில் மொண்டு, கேட்காமலே என் கையில் ஊற்றினாள். பல் கூசும் குளிர்ச்சி. இத்தனை வறண்ட மண்ணில், இத்தனை உயரத்தில், பாறைக்குள்ளிருந்து அது வருவதை நம்பவே முடியவில்லை. நான் சிரித்தது தப்புதான் என்று ஒப்புக்கொள்ளத் திரும்பினேன். அவர் குடிக்காமல், கீழே தெரிந்த தக்காளித் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

முல்பாகலில் தோசை சாப்பிட்டோம். கெட்டியாக, ஓரமெல்லாம் முறுகி, உள்ளே சிவப்புச் சட்னியும் உருளைக்கிழங்கும் வைத்து, மேலே நெய் நிற்க வந்தது. எங்கள் வீட்டில் ஜெயசீலன் தோசையைப் பற்றிப் பேசாமல் தோசை தின்றதில்லை. அன்றைக்குப் பேசவில்லை. ராத்திரி லாட்ஜில் தூங்கவும் இல்லை, புரண்டுகொண்டே இருந்தார்.

அடுத்த நாள் கோலாருக்குப் பாதி தூரம் நெடுஞ்சாலையில் போக வேண்டியிருந்தது. சென்னை லாரிகள் உரசுகிறாற்போல் போயின. ஒரு ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து, ஜன்னலில் தலையை நீட்டி, "ஓரமா போங்க அம்மா, அவசரமே வேணாம்" என்று தமிழில் சொல்லிவிட்டுப் போனார். நான் பயத்தை மறந்து கை காட்டினேன். ஒரு கை மட்டும் வைத்து ஓட்டுகிறேன் என்பது பிறகுதான் உறைத்தது. கோலார் கடைத்தெருவை நான் இறங்காமலே தாண்டினேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் என் காதில் விழுந்திருக்காது.

ஊருக்கு வெளியே அந்தரகங்கை. படிகள் ஏறி மூச்சு வாங்கி நின்றால் கல் நந்தியின் வாயிலிருந்து வருஷம் முழுக்கத் தண்ணீர் விழுகிறது. குடத்தோடும் கேனோடும் ஜனங்கள். குரங்கு ஒன்று என் கணவரின் கையிலிருந்த பன்னை வாங்கிக்கொண்டு போனது. பறித்தது என்று சொல்ல முடியாது, அவர் விட்டுக்கொடுத்துவிட்டார்.

படியில் உட்கார்ந்தோம். "தேங்கா ஆடிச்சே, பாத்தியா?" என்றார்.

"பாத்தேன்."

"அப்போ ஏன் சும்மா இருந்த?"

"நீங்கதானே கையை மூடினீங்க."

"ஆமா, நான்தான் மூடினேன்." விழுகிற தண்ணீரைக் கை காட்டினார். "இங்க பாறையில இருந்து கொட்டுது. அவன் நிலத்துல ஏன் இருக்கக் கூடாது? எனக்கு இன்னா தெரியும்? தெரிஞ்சவன் மாதிரி ஒரு வார்த்தை சொல்லிட்டேன். அவன் அதைக் கேட்டுகினு காலம் பூரா காஞ்ச நிலத்தைப் பாத்துகினு இருப்பான்."

நாகரத்தினம்மாவின் மஞ்சள் கயிறு என் கண்ணிலேயே இருந்தது.  என் கணவரின் பாட்டிலை வாங்கி நிரப்பிக் கொடுத்தேன். அதையாவது குடித்தார்.

மறுநாள் காலை ஊர் திரும்ப வேண்டும். கிளம்புமுன், "மண்டிக்குப் போவோம்" என்றார். கோலார் மண்டிக்குச் சுற்றுவட்டாரத்துத் தக்காளி முழுவதும் வரும், முனியப்பாவும் வரலாம். வராவிட்டால் அவர் தோட்டத்துக்கே திரும்பிப் போவது என்று முடிவு செய்திருந்தார். நான் தடுக்கவில்லை.

சிவப்புப் பெட்டிகள் மலைமலையாக அடுக்கிக் கிடந்தன. ஏலம் கூவுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவர் பேசுவது கேட்காது. தேடித் தேடி வரிசைகளைச் சுற்றினோம். கடைசியில் அவர்தான் எங்களைக் கண்டுபிடித்தார். "சார்! சைக்கிள் சார்!" என்று கூப்பிட்டுக்கொண்டே ஓடிவந்தார்.

என் கணவர் வணக்கம்கூடச் சொல்லவில்லை. "முனியப்பா, நான் தண்ணி பாக்கறவன் இல்லை. ஃபேக்டரியில ஃபிட்டரா இருந்தவன். நான் சொன்னது எதையும் நீ கணக்குல வெச்சுக்காத."

"தெரியும் சார்."

"இன்னா தெரியும்?"

"நீங்க அது இல்லைன்னு. நாகரத்தினா இந்த அம்மாகிட்ட சொன்னதும் தெரியும். எங்க வீட்டுச் சுவர் அவ்வளவு மெல்லிசு."

என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அண்ணன் தம்பி எல்லாரும் மூணு, நாலு போட்டுட்டாங்க சார்" என்றார் முனியப்பா. "நான் நிறுத்தினா பயந்துட்டான்னு பேசுவாங்க. பொண்டாட்டி பேச்சைக் கேட்டு நிறுத்தினான்னு அதுக்கு மேல பேசுவாங்க. தண்ணி பாக்கறவர் வந்து இல்லைன்னுட்டார்னா யாரும் வாயைத் திறக்கமாட்டாங்க. லாரிக்காரனுக்கு அன்னைக்கே வேணாம்னு சொல்லிட்டேன். பாதி நிலத்துல ராகி போடறேன், மழையை நம்பி. பொண்ணு படிக்கட்டும்."

என் கணவரின் தோள்கள் இறங்கின. அங்கேயே ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

முனியப்பா உடனே போய்விடவில்லை. ஒரு தக்காளியை எடுத்துத் துண்டில் துடைத்துக்கொண்டே நின்றார். "ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க சார். கிழக்கு மூலையில தேங்காயைப் பிடிச்சீங்களே. அது ஆடிச்சா?"

ஆடவில்லை என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். சொல்லிவிட்டால்தான் என்ன என்றும் நினைத்தேன்.

"ஆடிச்சு" என்றார் ஜெயசீலன். "ஏன் ஆடிச்சுன்னு தெரியாது. என் கை நடுங்கிச்சு. அது மட்டும்தான் எனக்குத் தெரியும்."

முனியப்பா தலையை மெல்ல ஆட்டினார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"முன்னாடி பாயிண்ட் பாத்த ரெண்டு பேருக்கும் தேங்கா நட்டுக்கிட்டு நின்னுச்சு சார்."

என் கணவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு அவரும் சிரித்தார். ஏலக்காரர் ஒருவர் எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஆண்டர்சன்பேட்டையில் சில பெட்டிகள் இறக்க வேண்டும், வண்டியிலேயே வாருங்கள் என்றார் முனியப்பா. அவருடைய மைத்துனரின் குட்டி யானை வண்டி அது. முன்னால், ஓட்டுகிற முனியப்பாவுக்குப் பக்கத்தில் ஒருவர்தான் உட்கார முடியும். மிதித்தே வருகிறேன் என்று வீறாப்பாகச் சொன்ன என் கணவரை நான் பின்னால் ஏற்றி, இரண்டு சைக்கிள்களையும் அவர் மேல் சாய்த்துவிட்டு, முன்னால் ஏறிக்கொண்டேன். வழியெல்லாம் முனியப்பா நர்சிங் படிப்பைப் பற்றிக் கேட்டுக்கொண்டே வந்தார். எத்தனை வருஷம், ராத்திரி ஷிஃப்ட் உண்டா, வெளிநாட்டில் குளிருமா, உங்கள் மகள் அங்கே தனியாக எப்படிச் சமாளித்தாள். எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னேன். தெரியாததை, மகளிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

கடைத்தெருவில் வண்டி நின்றது. இறங்கிப் பின்பக்கம் போய்ப் பார்த்தோம். பெட்டிகளுக்கு நடுவே, ஒரு கை சைக்கிள் சக்கரத்தின் கம்பிகளுக்குள் நுழைந்திருக்க, வாயைத் திறந்துகொண்டு என் கணவர் தூங்கிக்கொண்டிருந்தார். நெற்றியில் மத்தியான வெயில். பக்கத்தில் ஒரு பஸ் ஹாரன் அடித்தது, அசையவில்லை.

"எழுப்பட்டுமா அம்மா?" என்றார் முனியப்பா.

"வேணாம். நீங்க மெதுவா பெட்டியை இறக்கிட்டு வாங்க" என்றேன்.